காற்றாடிமலை வரை மூன்று நாள்

முதல் நாள், வெள்ளி
(நாகர்கோவில் லாட்ஜில் இரவு எழுதியது)

ஆகஸ்ட் 15 லீவோடு சனி ஞாயிறும் சேர்ந்து வந்ததால் நான், மனைவி, நாலாவது படிக்கும் பையன் மூன்று பேரும் விடிகாலை ரயிலில் மதுரையிலிருந்து கிளம்பினோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "வேளாங்கண்ணிக்கா?" என்று கேட்டார்கள். இல்லை, 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவராக மாறி அதற்காகக் கொல்லப்பட்ட புனித தேவசகாயம் வாழ்ந்த, அடிபட்ட, செத்த இடங்களைப் பார்க்கப் போகிறோம் என்றேன். ஏன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எழுதப்போவது எதுவும் புரியாது.

போன வருடம் என் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடை படுத்துவிட்டது. மெஷினுக்கு வாங்கிய கடனைக் கட்ட வட்டிக்கு வாங்கினேன், அந்த வட்டியைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினேன். அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் என்னை ஒரு ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டார். தினமும் இரவு பத்து மணிக்கு போனில் ஜெபம். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது, மனதுக்கு ஆறுதலாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒருநாள் அதை நடத்துகிறவர் என்னைத் தனியாக அழைத்து, என் அப்பா எந்த மாதம் எப்படி இறந்தார், கடைசியாக எங்கே வைத்திருந்தோம் என்றெல்லாம் சொன்னார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று தலைமுறைச் சாபம் கடையைக் கட்டிப்போட்டிருக்கிறது, நாற்பது நாள் உபவாசமும் ஒரு விதைக் காணிக்கையும் (பலமடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி வாங்கும் பணம்) வைத்தால் அறுந்துவிடும் என்றார். மனைவிக்குத் தெரியாமல் இருபதாயிரம் அனுப்பினேன். கொரியரில் ஒரு சின்ன பாட்டில் ஒலிவ எண்ணெய் வந்தது.

நாற்பது நாள் முடிந்தது. கடை அப்படியேதான் கிடந்தது. காணிக்கை போதாது என்று ஆண்டவர் வெளிப்படுத்தியதாகவும் இந்த முறை நகையாக வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்போதுதான் வீட்டில் வாயைத் திறந்தேன். அவள் சத்தம் போடவில்லை. "ஆண்டவருக்கு எதுக்குங்க என் தாலிச் செயின்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் முடியாது என்று சொன்னதும் அந்த மனிதரின் குரலே மாறிவிட்டது. பிள்ளை மேல் வந்து விழும், பார்த்துக்கொள் என்றார். அந்த வாரமே பையனுக்குக் காய்ச்சல், 103. அந்த ராத்திரியை என்னால் மறக்கவே முடியாது. செயினைக் கழற்றிக் கொடுத்துவிடு என்று நான் அவள் காலில் விழாத குறைதான். அவள் பையன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள், நடுவில் செபமாலை, விடிந்ததும் ஆஸ்பத்திரி. வைரல் காய்ச்சல், ஐந்து நாளில் சரியாகிவிட்டது. எங்கள் தெருவிலேயே நாலைந்து பிள்ளைகளுக்கு அந்த வாரம் காய்ச்சல் இருந்திருக்கிறது. அப்பாவைப் பற்றி அவர் சொன்ன அத்தனையும் நானே ஃபேஸ்புக்கில் எழுதிய அஞ்சலிப் பதிவில் இருந்தது. இதெல்லாம் பிறகுதான் உறைத்தது.

உனக்கு அந்த ராத்திரி பயமே வரலையா என்று அவளிடம் கேட்டேன். வந்தது என்றாள். 2022-ல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் பங்குக் கோவிலில் கொடுத்த சின்னப் புத்தகத்தை அன்றைக்கு நினைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அதனால்தான் இந்த வழி.

சரி, இன்றைய நாள். வள்ளியூரில் இறங்கி பஸ் பிடித்து வடக்கன்குளம் போனோம். மாதா விண்ணேற்புத் திருநாள் என்பதால் நல்ல கூட்டம். 1745 மே 14-ஆம் தேதி நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் இந்த ஊருக்கு வந்து, புத்தாரி சாமியார் என்ற இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் வாங்கினார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள்.

அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். கணவரைக் கொன்ற பிறகு சொந்த ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்து இங்கேயே அடக்கமானார். என் மனைவி அங்கே ரொம்ப நேரம் நின்றாள். "அவருக்காவது பக்கத்துல ஆண்டவர் இருந்தாருன்னு எழுதி வச்சிருக்காங்க. இந்த அம்மா அத்தனை வருஷமும் ராத்திரி எப்படித் தூங்கினாங்கன்னு யாரும் எழுதலையே" என்றாள்.

இந்த ஊர்க் கோவிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கோவில் கட்டியபோது கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டினார்கள். இரண்டு கூடமும் பீடத்தில் போய்ச் சேரும், நடுவில் சுவர். ஒரு சாதி ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பூசை காணலாம். 1910-ல்தான் சுவரை இடித்தார்கள், அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். எல்லா வகைச் சாதிக்காரர்களோடும் சேர்ந்து பழகினார், சாப்பிட்டார் என்பது தேவசகாயத்தின் மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று, அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊரிலேயே இந்தச் சுவர். இந்தச் சுவரை நம்பி ஏமாந்தவர்கள் யாரும் பூசைக்குப் போகாதவர்கள் இல்லை. ஞாயிறு தவறாமல் போனவர்கள், சுவரையும் பக்தி என்றே நினைத்தவர்கள். அதை நினைக்க நினைக்க எனக்கு என் இருபதாயிரத்தைவிட இது பெரிய ஏமாற்றாகத் தெரிந்தது.

சாயங்காலம் காவல்கிணறு வழியாக நாகர்கோவில் வந்து சேர்ந்தோம். ரூம் சுமார்தான். பாத்ரூம் கதவு திறந்தாலும் மூடினாலும் பன்றி கத்துவது போலக் கத்துகிறது, பையன் இரண்டு முறை எழுந்துவிட்டான்.

இரண்டாம் நாள், சனி

காலையில் முதலில் நட்டாலம். 1712 ஏப்ரல் 23-ல் தேவசகாயம் பிறந்த ஊர், மார்த்தாண்டம் பக்கம். ரப்பரும் தென்னையுமாக வழியே குளிர்ச்சி. நாங்கள் போன நேரம் மழை பிடித்துக்கொண்டது, கும்பிட்டுவிட்டு சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

பத்மநாபபுரம் அரண்மனை பையனுக்குப் பிடித்தது. கண்ணாடி மாதிரி மின்னும் அந்தக் கறுப்புத் தரையில் செருப்பில்லாமல் நடப்பது அவனுக்கு விளையாட்டு. எனக்கு வேறு யோசனை. நீலகண்டன் இந்த ஊர்க் கோவில் கருவூலத்தில் வேலை பார்த்தவர். சம்பளம், மரியாதை, ராஜா வரை செல்வாக்கு எல்லாம் இருந்தது. பின்னால் விலங்கு போட்டு நிறுத்தியபோது அவரிடம் முதலில் வந்தது கத்தி அல்ல, நல்ல வார்த்தை. பழையபடி வந்துவிடு, உத்தியோகம் உனக்குத்தான் என்ற பேச்சு. அதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களாக இருந்திருப்பார்கள்! நம் மேல் அக்கறையாகப் பேசுகிறவரிடம்தான் நமக்கு 'இல்லை' என்ற வார்த்தை வாயில் வராது. போனில் தினமும் "தம்பி, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த மனிதரும் ஆரம்பிப்பார்.

மதியம் தக்கலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். அப்புறம் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. இங்கே டிலனாய் கோட்டை என்றுதான் கேட்க வேண்டும். 1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் என்று பேர் வாங்கியவர் டிலனாய். கூரை போன ஒரு சின்னக் கோவிலுக்குள் அவருடைய கல்லறை, கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது யாருமே இல்லை, ஈரமான சுவரில் பாசியும், மேலே திறந்த வானமும்.

நீலகண்டனுக்கு மாடு செத்து, பயிர் போய், வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்த காலத்தில் இந்த டிலனாய்தான் அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கல்லறைப் பக்கத்தில் நின்றபோதுதான் கதையில் யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று யோசித்தேன். யோபு எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும்போது நண்பர்கள் வந்து, நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி என்று விளக்கம் கொடுக்கிறார்கள். அவர்கள் பேசுவது முழுக்க பக்தியான பேச்சு, எடுத்துப் பேப்பரில் எழுதினால் பிரசங்கம் மாதிரியே இருக்கும். கடைசியில் கடவுள், என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று அவர்கள் மேல்தான் கோபப்படுகிறார். எனக்கு மூன்று தலைமுறைச் சாபம் சொன்ன குரல் அதே குரல்தான். டிலனாய் அப்படிப் பேசவில்லை. இந்தக் காணிக்கை வை, மாடு திரும்பி வரும் என்று அவர் நீலகண்டனிடம் சொல்லவில்லை. எல்லாம் போனாலும் கடவுளை விடாத ஒருவனின் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். அதைக் கேட்டு நம்பி ஞானஸ்நானம் வாங்கியவருக்கு நாலு வருடம்கூட முழுசாக முடியாமல் 1749 பிப்ரவரியில் விலங்கு மாட்டினார்கள்.

டிலனாய் அதற்குப் பிறகும் அந்த ராஜாவிடமே வேலை பார்த்தார், 1777-ல் சாகும்வரை திருவிதாங்கூர் சேவையில்தான் இருந்தார். நண்பனைக் கொன்ற அரண்மனைக்கே வேலை செய்திருக்கிறார். அதை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. தேவசகாயத்தை எருமை மேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப்போய், அடித்து, காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்து, வெயிலில் தாகத்தில் கிடந்தவர் இந்தப் பாறையில் முட்டால் இடித்து வேண்டியபோது தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. இன்றைக்கும் பாறையில் சின்னதாக ஒரு குழி, அதில் தண்ணீர். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, "எங்கேருந்து வாறிய மக்களே?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் மொண்டு பையன் கையில் ஊற்றினார். நான் பையில் கையை விட்டதும், "துட்டெல்லாம் வேண்டாம் மக்களே, குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

குடித்தேன். குடித்த கையோடு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாமே, கடையில் தெளிக்கலாமே என்று என் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"பிடிச்சுக்கோங்க, தப்பில்ல. ஆனா இதையும் அந்த மாதிரி நினைச்சிராதீங்க. அவருக்குத் தாகம் எடுத்துச்சு, ஆண்டவர் தண்ணி குடுத்தார். விலங்கு கழண்டுச்சா?"

கழலவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அதே எருமை, அதே சேவகர்கள். பாறையைத் திறக்க முடிந்த கடவுள் பூட்டைத் திறக்கவில்லை, அதற்காக இவர் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது.

ராத்திரி பையன் சட்டை தேடி என் பையைக் கவிழ்த்தபோது அந்த எண்ணெய் பாட்டில் உருண்டு வெளியே வந்தது. ஆம், அதைக் கொண்டுவந்திருந்தேன். தூக்கிப்போட எட்டு மாதமாகத் தைரியம் வரவில்லை. அந்த ஆளை நம்பவில்லை, ஆனால் ஒருவேளை, ஒருவேளை என்று எங்கேயோ ஒரு மூலையில். மனைவி பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலையில் பெருவிளை. நாகர்கோவிலை ஒட்டிய ஊர். இங்கே ஒரு வேப்பமரத்தில் தேவசகாயத்தை மாதக்கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள், ஏழு மாதம் என்கிறார்கள். வேதசாட்சி (விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்) என்றதும் நமக்குக் கடைசி நிமிடம்தான் ஞாபகம் வருகிறது, துப்பாக்கி, ரத்தம். எனக்கு இங்கே வந்த பிறகு அந்த ஏழு மாதம்தான் பயமாக இருக்கிறது. ஒருநாள் வைராக்கியமாக இருந்துவிடலாம். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எறும்பு கடித்து, இன்றைக்காவது விட மாட்டார்களா என்று விடிந்து, விடாமல் இருட்டி, மறுநாளும் அதே மரம். ஒரு வார்த்தை சொன்னால் அவிழ்த்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருக்க வேண்டும். பிடிபட்டதிலிருந்து சாகும்வரை கிட்டத்தட்ட மூன்று வருடம் அவர் இப்படி இருந்தார். நான் காய்ச்சல் அடித்த ஒரு ராத்திரியில் அந்த வார்த்தையைச் சொல்லத் தயாராக இருந்தேன்.

பதினொரு மணிக்கு ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை. இப்போது தேவசகாயம் மவுண்ட் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரிகிறது. ஆடி முடியும் நேரத்துக் காற்று, நின்றால் தள்ளுகிறது. கணவாயில் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள், எல்லாம் முழு வேகத்தில். என் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பையன் மேலே ஏறினான். 1752 ஜனவரி 14-ஆம் தேதி இந்த மலையில்தான் அவரைச் சுட்டார்கள். சாவதற்கு முன் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கிச் செபம் செய்தார் என்று சொல்கிறார்கள். உடலைக் காட்டுக்குள் எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள், சில நாள் கழித்துத்தான் கிறிஸ்தவர்கள் தேடி எடுத்திருக்கிறார்கள்.

மணியடிச்சான் பாறை என்று ஒன்று இருக்கிறது. கல்லால் தட்டினால் கல் சத்தம் வராது, நிஜமாகவே வெண்கல மணி மாதிரி வருகிறது. பையன் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், மறுபடி தட்டினான், போதும் என்றாலும் விடவில்லை.

மேலே உட்கார்ந்திருந்தபோது மனைவி மத்தேயு நாலாம் அதிகாரத்தை போனில் எடுத்து வாசித்தாள். அலகை (சாத்தான்) இயேசுவைக் கோவில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறது. அது சொல்வது பொய் இல்லை, திருப்பாடல் 91-ல் அந்த வசனம் இருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் முதுகு சிலிர்த்தது. என்னிடம் பணம் கேட்டவரும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தைத்தான் வாசித்துக் காட்டினார் (நம் பைபிளில் மலாக்கி), வானத்தின் பலகணிகளைத் திறக்கிற வசனம். வசனம் சரி, கேட்ட வாய்தான் வேறு. வசனம் சொல்கிறாரே, எப்படித் தப்பாகும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இயேசு விவாதமே செய்யவில்லை. உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்காதே என்று இன்னொரு வசனத்தைச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறார், குதிக்கவில்லை. காணிக்கை வைக்கிறேன், கடனை அடை என்று நான் செய்ததும் குதிப்பதுதான். தாங்கு பார்க்கலாம் என்று கடவுளிடம் சொல்வது.

அப்போது அவளிடம் ஒன்று கேட்டேன், இதுவரை கேட்காதது. "அன்னைக்கு பையனுக்குச் சரியாகாம போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

காற்றில் அவள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆனது. "அழுதிருப்பேன். உங்க மேல கோபப்பட்டிருப்பேன். சாமி மேலயும் கோபப்பட்டிருப்பேன். ஆனா செயினைக் கழட்டிருக்க மாட்டேங்க. புள்ளையப் பணயம் வச்சுக் கேக்கறது நம்ம ஆண்டவர் இல்ல, அது மட்டும் எனக்குத் தெரியும்."

மாலை கோட்டாறு. சவேரியார் பேராலயத்தில் ஞாயிறு பூசை. பீடத்துக்கு முன்னால் தேவசகாயத்தின் கல்லறை, ஆட்கள் வரிசையாக வந்து கையை வைத்துவிட்டுப் போகிறார்கள். என் முறை வந்தபோது கடன் தீர வேண்டும் என்று கேட்கத்தான் வாய் வந்தது, கேட்டேன், கேட்பதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். தீராவிட்டாலும் உங்களை விட மாட்டேன் என்று ஆண்டவரிடம் எனக்காகச் சொல்லுங்கள் என்றும் கேட்டேன். இரண்டாவதைச் சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா என் தோளில் கை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்தார்.

வெளியே நேந்திரங்காய் சிப்ஸும் மட்டிப் பழமும் வாங்கிக்கொண்டு, ரயிலுக்கு முன்னால் பையெல்லாம் எடுக்க ரூமுக்கு வந்தோம். கடன் இன்னும் மூன்று லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. நாளைக்குக் காலை பத்து மணிக்கு ஒருவர் கடைக்கு வருவார், அவரிடம் என்ன சொல்வது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

மனைவி மேஜையைக் காட்டினாள். பாட்டில் அங்கேயே இருந்தது. "எடுத்துக்கலையா?"

கையில் எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், மூடியைத் திறக்கும்போதுகூட அந்தக் குரல் ஒருமுறை காதில் கேட்டது, பிள்ளை மேல் வந்து விழும் என்று. பையன் கட்டிலில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். பாத்ரூம் கதவின் மேல் கீலில் கொஞ்சம், நடுக் கீலில் கொஞ்சம், மிச்சம் எல்லாம் கீழே இருந்த துருப்பிடித்த கீலில் ஊற்றினேன். கதவைத் திறந்து மூடினேன், கத்தியது. இன்னும் நாலு முறை ஆட்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்து இந்த ரூமுக்கு யாராவது குழந்தையோடு வந்தால் தூங்கும்.

சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் இருபது நிமிடம் லேட் என்று போட்டிருக்கிறது. பையன் என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறான், இதை ஒரு கையால் டைப் செய்துகொண்டிருக்கிறேன்.